நீலத்தில் கடைசி இரண்டு மீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

கிளினிக்கில் கூட்டமே இல்லை. பல் டாக்டர் உள்ளே செய்தித்தாளை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, பழைய மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் கண்காட்சிக் குறிப்புகளை எழுதி முடித்தேன். மொத்தம் பதினான்கு. சனிக்கிழமைகளில் நூலகத்தின் பின் அறையில் கூடித் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிற நாங்கள் ஐந்து பேர். குவில்ட் என்று சொன்னால்தான் கடைக்காரர்களுக்குப் புரிகிறது. எங்களில் பெரிய குவில்ட் கண்காட்சிக்கு எட்டு வருடமாகப் போகிறவள் நான் ஒருத்திதான். அதனால் குறிப்பெழுதுகிற அதிகாரம் எனக்கு. யார் கொடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது.

பழகின செருப்பைப் போடு, புதுசைப் போட்டு வந்து என்னிடம் கொப்புளத்தைக் காட்டாதே. சாப்பிட்டுவிட்டு வா. முதல் சுற்றில் பையைத் திறக்காதே, எல்லாக் கடையையும் பார்த்துவிட்டு இரண்டாவது சுற்றில் வாங்கு. நிறத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு போகாதே, ஞாபகம் பொய் சொல்லும். கையில் மாதிரித் துண்டு வேண்டும். கூடத்து விளக்கில் எல்லா நீலமும் ஒன்றுபோலத் தெரியும், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார். தொங்குகிற போர்வையைத் தொடாதே, பின்பக்கம் பார்க்க ஆசையாக இருந்தால் வெள்ளைக் கையுறை போட்டிருப்பவர்களைக் கேள். வீட்டுக்கு வந்ததும் துணியை அலசிவிடு, சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று தெரிந்துவிடும். அலசின துணியை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது, அதனால் அலசுமுன் யோசி.

இப்படிப் பதினான்கு. படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

மார்ச் 7, சனி

குறிப்புகளை வாசித்துக் காட்டினேன். பேங்க்காரம்மா, "வரவர உங்களைப் பட்டியலக்கான்னே கூப்பிடலாம் போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருந்தது.

எங்கள் ஐவரில் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நர்ஸால் இந்த வருடம் கண்காட்சிக்கு வர முடியாது. அந்த வாரம் முழுக்க அவளுக்கு இரவு டியூட்டி. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்று விரல் அகலத்தில் ஒரு துண்டைக் கையில் வைத்தாள். ஆழ்ந்த நீலம், அதில் எள் சிந்தினதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அவள் தன் அக்காவுக்காகத் தைக்கிற போர்வையின் துணி. ஐம்பத்தாறு கட்டமும் முடிந்துவிட்டன. சுற்றிலும் கரை வைக்கத்தான் துணி போதவில்லை. வாங்கின கடையை மூடிவிட்டார்கள்.

"ஒன்றரை மீட்டர் கிடைச்சாப் போதும்க்கா. உங்க கண்ணுக்குத் தப்பாது."

"வேற நீலத்துல கரை வெச்சா என்ன?" என்றேன்.

"அம்மா போனப்புறம் என்னை வளர்த்ததே அக்காதான். அப்போ எங்க ரெண்டு பேருக்கும் ஒரே போர்வை, இதே மாதிரி நீலம். வெளிநாட்டுல இருக்கிற அவங்க மகன் வந்து கூட்டிட்டுப் போறான். மே மூணாந்தேதி விமானம். இனிமே அங்கேதான்."

துண்டைப் பர்சின் உள்ளறையில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 14, சனி

கால் இரண்டும் கழன்றுவிடும்போல் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

கிடைத்துவிட்டது! இரண்டாவது சுற்றில், மூலைக்கடையில், பூப்போட்ட சுருள்களுக்கு அடியில். வாசல் வரை தூக்கிக்கொண்டு போய் மாதிரித் துண்டை மேலே வைத்துப் பார்த்தேன். துண்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது, அப்படிப் பொருந்தியது. கடைக்கார அம்மா, "இதான் கடைசி பீஸ், ரெண்டு மீட்டர் இருக்கும். இந்த டிசைன் இனிமே வராது" என்றாள். இரண்டு மீட்டரையும் வாங்கிவிட்டேன்.

அங்கேயே நின்று நர்ஸுக்குப் போன் செய்யத்தான் எடுத்தேன். மணி பதினொன்று. டியூட்டி முடித்துத் தூங்குவாளே, தூங்கட்டும், சாயந்திரம் சொல்லலாம் என்று போனைப் பைக்குள் போட்டேன்.

பிறகு முதல் பரிசு வாங்கின போர்வையைப் பார்க்கப் போனேன். வரிசையில் நின்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. என் வயதுக்காரி ஒருத்தி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், தைத்தவள். எல்லோரும் அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் போர்வையிலும் கரை ஆழ்ந்த நீலம். நான் ரொம்ப நேரம் நின்றேன். எட்டு வருடமாக இங்கே வருகிறேன், டிக்கெட் வாங்கிக்கொண்டுதான். என்னுடையது ஒன்றுகூட இங்கே தொங்கினதில்லை.

சாயந்திரம் போன் செய்யவில்லை. அலுப்பு.

மார்ச் 15, ஞாயிறு

சும்மா பார்க்கலாமே என்றுதான் எடுத்தேன். மூன்று வருடமாகப் பாதியில் நிற்கிற என் போர்வையைக் கட்டிலில் விரித்து, ஓரத்தில் அந்த நீலத்தை மடித்து வைத்தேன். மூன்று வருடமாக எது குறைகிறது என்று தெரியாமல் இருந்தது. இதுதான் குறைந்திருக்கிறது. எதிர்ச்சுவர் வரை பின்னால் போய்ப் பார்த்தேன். அப்படியே கண்காட்சியில் தொங்குகிற மாதிரி இருந்தது.

துணியை அலசிக் கொடியில் போட்டேன். அவளுக்கும் அலசித்தானே கொடுக்க வேண்டும்? அதற்காகத்தான் அலசினேன்.

அதற்காகத்தானா?

மார்ச் 16, திங்கள்

அவளே கூப்பிட்டாள். "அக்கா, கிடைச்சுதா?"

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொண்டு சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. வந்தபிறகு அதற்குக் கை கால் முளைத்தது. "ரெண்டு சுத்து சுத்தினேன். அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, புள்ளி பெருசு" என்றெல்லாம் சேர்த்துக்கொண்டேன்.

"பரவாயில்லக்கா. உங்க கண்ணுக்கே படலன்னா அங்க இல்லைன்னுதான் அர்த்தம். கால் வலியோட எனக்காகத் தேடினீங்களே."

போனை வைத்த பிறகு ஒரு நோயாளி வந்து பெயரைச் சொன்னார். மூன்று தடவை சொல்ல வைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

கூசுது.

மார்ச் 19, வியாழன்

இவருக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவருக்கு நீலமும் பச்சையும் ஒன்றுதானே என்று. சாப்பிடும்போது, "அந்த நர்ஸ் பொண்ணு துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டியா?" என்றார்.

"அது வேற துணி."

"போகும்போது பர்சைத் திறந்து காட்டினியே, சின்னத் துண்டு. கொடியில காஞ்சதுலயும் அதே புள்ளி."

"வேற துணின்னு சொல்றேன்ல!"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மேலே கேட்டிருந்தால் சண்டை போட்டாவது முடிந்திருக்கும்.

மார்ச் 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன், எனக்கு வேண்டியதுதான்.

நீலத் துணியை இஸ்திரி போட்டு மடித்துக் கையில் வைத்திருந்தேன். வாசலில், "அக்கா" என்று குரல். நர்ஸ். பெரிய பையோடு. கதவு திறந்துதான் இருந்தது. எங்கே வைப்பேன்? நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில். துணியின் மேல் அடைகாக்கிற கோழி மாதிரி ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இஸ்திரிச் சூடு இன்னும் அதில் இருந்தது. ஒரு வாய்த் தண்ணீர் கொண்டுவந்து தரக்கூட எழுந்திருக்க முடியவில்லை. "முழங்கால் பிடிச்சுக்கிச்சு" என்றேன். அவளே சமையலறைக்குப் போய் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். நர்ஸ் இல்லையா, முழங்காலைத் தொட்டுப் பார்த்து வீக்கம் இல்லை என்றாள்.

அவள் வந்த காரணம்: வெளிச்சுற்றில் இருக்கிற இருபத்தாறு கட்டங்களையும் பிரித்து, அதிலிருக்கிற நீலத்தை எடுத்துக் கரை வைக்கப் போகிறாள். போர்வை ஒரு சுற்று சிறிதாகிவிடும். "அக்கா நல்ல உயரம். கால் கொஞ்சம் வெளிய நிக்கும். காலுறை போட்டுக்கச் சொல்லிக்கலாம்" என்று சிரித்தாள். பிரிக்க என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். என் கை நிதானமான கையாம்.

இவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மார்ச் 25, புதன்

சாயந்திரம் அவள் வீட்டில் ஒன்பது கட்டம் பிரித்தோம். பிரிப்பது தைப்பதைவிடக் கஷ்டம். சின்னக் கத்தியின் நுனியை நூலுக்கு அடியில் விட்டு, நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்து, துணியின் இழை பிரியாமல் மெல்ல இழுக்க வேண்டும். அவள் தையல் ரொம்பப் பொடி. ஒவ்வொன்றும் ஆஸ்பத்திரி ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து தைத்தது. அறுக்கிறபோது டிக் டிக் என்று சத்தம் கேட்கும்.

அவள் அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். நிஜமாகவே உயரம், நிலைப்படியில் குனிந்துதான் வருகிறாள். அவளுக்குப் போர்வை விஷயம் தெரியும், தெரியாததுபோல் நடிக்கிறாள். "ரெண்டு பேரும் ஏதோ பழைய துணி பிரிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு எனக்கு டீ வைத்தாள். குடித்தேன். எப்படித்தான் உள்ளே இறங்கினதோ.

மார்ச் 27, வெள்ளி

இன்று பத்து. நர்ஸுக்கு விரலில் கத்தி பட்டுவிட்டது. "தினம் கட்டுப் போடறவளுக்கே கட்டு" என்று அவளே கேலி செய்துகொண்டாள்.

மார்ச் 28, சனி

மீதி ஏழு. முடிந்தது. எல்லாவற்றையும் பிரித்த பிறகு சுருக்கம் சுருக்கமாக, தையல் ஓட்டை வரிசையோடு ஒரு குவியல் நீலம். அவள் அதைத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு நேராக்கிக்கொண்டிருந்தாள். என் அலமாரியில் இரண்டு மீட்டர், ஒரு ஓட்டை இல்லாமல், மடித்து இருக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

வெட்டிவிட்டேன்.

ஏன் என்று ஒழுங்காக எழுதுகிறேன். முழுத் துணியாக இருக்கிறவரை அது அவளுடையது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது. "இப்பக்கூடக் கொடுக்கலாம், இப்பக்கூடக் கொடுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. வெட்டிவிட்டால் வாயை மூடும் என்று நினைத்தேன். அளவுகோலை வைத்து உருளைக்கத்தியால் இரண்டரை அங்குலப் பட்டிகளாக ஒரே மூச்சில் வெட்டினேன். முப்பத்தொரு பட்டிகள். அவளுக்கு வேண்டியது ஐந்தங்குலக் கரை. இனிமேல் கொடுத்தும் பிரயோஜனமில்லை.

வாயை மூடவில்லை.

ஏப்ரல் 4, சனி

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போகவில்லை. என் போர்வையில் ஒரு பட்டியைக்கூட வைத்துத் தைக்கவில்லை. ஊசியைக் கோத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 11, சனி

போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். என் புத்தி இப்போது இப்படித்தான் வேலை செய்கிறது.

நர்ஸ் போர்வையின் மேல்பக்கத்தை மேசையில் விரித்தாள். கரை வைத்தாகிவிட்டது. இன்னும் பஞ்சும் அடித்துணியும் சேர்க்கவில்லை. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சிறிசு. எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவரும் சொல்லவில்லை. பிறகு பின்பக்கம் வைக்கிற பெயர்ச்சீட்டை எடுத்துக் காட்டினாள். யார், யாருக்காக, எப்போது தைத்தது என்று வெள்ளைத் துணியில் நூலால் எழுதி மூலையில் தைப்போம் அல்லவா, அது. அக்காவின் பெயர். அதன் கீழே அவள் பெயர். அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், "கூட இருந்து பிரித்துக் கொடுத்தவர்" என்று என் பெயர்.

பேங்க்காரம்மா கை தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகைகூட வரவில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் கை கழுவினேன், இரண்டு தடவை.

அந்தச் சீட்டு கடல் தாண்டிப் போகும். அந்த உயரமான அம்மா கால் வெளியே தெரியப் படுத்துக்கொண்டு, மூலையில் இருக்கிற என் பெயரைத் தடவிப் பார்ப்பாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "ஒரு மாசமா இண்டிகேட்டர் போட்டுக்கிட்டே நேராப் போயிட்டிருக்க. பின்னாடி வர்றவனுக்குத்தான் தலைவலி" என்றார். பிறகு, "நான் கூட வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 13, திங்கள்

கிளினிக்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். முப்பத்தொரு பட்டிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் நாலு விதமாக ஒத்திகை பார்த்தேன். கதவைத் திறந்ததும் ஒன்றும் ஞாபகமில்லை. பையை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் திறந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது! அதைத்தான் என்னால் மறக்க முடியாது. "அக்கா! எங்க கிடைச்சுதுக்கா? எப்போ?"

"கண்காட்சிலயே. அன்னைக்கே."

அவளுக்குப் புரியவில்லை.

"உனக்குன்னுதான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து என் போர்வையில வெச்சுப் பார்த்தேன். நல்லா இருந்துச்சு. அதனால கிடைக்கலன்னு சொல்லிட்டேன். பொய். புள்ளி பெருசுன்னு சொன்னதும் பொய். நீ வீட்டுக்கு வந்தப்ப அதுமேலதான் உக்காந்திருந்தேன்." மூச்சு விடாமல் சொன்னேன். நிறுத்தினால் மன்னிப்புக்கு ஏதாவது காரணம் சேர்த்துக்கொள்வேன் என்று பயம்.

அவள் மேசையில் உட்கார்ந்தாள். ஒரு பட்டியை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"பிரிக்கும்போது இது உங்க வீட்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இருபத்தாறும் பிரிக்கிற வரைக்கும்?"

"ஆமா. அப்போ முழுசாவே இருந்துச்சு. அப்புறந்தான் வெட்டினேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. உள்ளே அவள் அக்கா பெட்டியில் சாமான் அடுக்கி மூடித் திறந்து மூடும் சத்தம் கேட்டது. நர்ஸ் எழுந்து அளவு நாடாவைக் கொண்டுவந்தாள். ஒரு பட்டியை அளந்தாள்.

"ரெண்டரை. தைச்சா ரெண்டு. மூணு மூணாச் சேர்த்தா ஆறு அங்குலம் வரும். மேல ஆறு, கீழ ஆறு. கால் மூடும்."

"நடுவுல தையல் தெரியுமேம்மா" என்று சொல்லிவிட்டேன். இந்த வாய்! அந்த நேரத்திலும் எனக்குத் தையல் யோசனை.

"தெரியட்டும்" என்றாள்.

நானும் உட்கார்ந்து தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நானே பார்த்துக்கறேன் என்றாள். வாசல் வரை வந்தாள். போயிட்டு வாங்க என்றாள். அவ்வளவுதான். பஸ் ஏறின பிறகுதான் உறைத்தது, அக்கா என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 25, சனி

கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவள் சொல்லவில்லை. போர்வை நீளமாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, "துணி எப்படிக் கிடைச்சுது?" என்று பேங்க்காரம்மா கேட்டதற்கு, "கிடைச்சுது" என்று மட்டும் சொன்னாள். போர்வை முடிந்துவிட்டதாம், வீட்டில் இருக்கிறதாம்.

என்னோடு பேசுகிறாள். நூல் கேட்டால் தருகிறாள், கத்தரி வேண்டுமென்றால் கேட்கிறாள். ஆனால் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் காத்திருந்து பேசுகிறாள்.

மே 3, ஞாயிறு

இன்றைக்கு விமானம். வழியனுப்ப என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு முகமில்லை.

அந்தச் சீட்டைப் பிரித்துவிட்டாளா, என் பெயரோடேயே அனுப்பினாளா என்று தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

ஆகஸ்ட் 15, சனி

என் போர்வையை மடித்துப் பரண்மேல் போட்டேன். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 27, சனி

அடுத்த கண்காட்சி வந்துவிட்டது. குறிப்பு எங்கே, பட்டியலக்கா என்று எல்லோரும் கேட்டார்கள். பழையதையே கொடுத்தேன். அதை மறுபடி உரக்க வாசிக்கச் சொன்னபோது, தொண்டை சரியில்லை என்று பேங்க்காரம்மாவிடம் நீட்டிவிட்டேன்.

நர்ஸுக்கு இந்த வருடமும் இரவு டியூட்டி. பையைத் திறந்து ஒரு மாதிரித் துண்டை எடுத்தாள். மஞ்சள், மெல்லிய கோடு போட்டது. பேங்க்காரம்மாவிடம் கொடுக்கப் போகிறாள் என்று, பார்க்காததுபோல் ஊசிகளை எண்ண ஆரம்பித்தேன். கத்தரிச் சத்தம் கேட்டது. துண்டைச் சரிபாதியாக வெட்டியிருந்தாள். ஒரு பாதியை, "இந்தாங்கக்கா" என்று பேங்க்காரம்மாவிடம் கொடுத்தாள். மறுபாதியை என் முன்னால் மேசையில் வைத்தாள்.

"ரெண்டு பேர் தேடினாச் சீக்கிரம் கிடைக்கும்ல" என்றாள், பொதுவாக.

பிறகு என்னைப் பார்த்து, "கிடைச்சா அங்க இருந்தே போன் பண்ணுங்க. தூங்கினாலும் எழுப்புங்க" என்றாள்.

எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்ததோ, அவ்வளவு பத்திரமாக அந்தப் பாதியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 13, சனி

கிடைத்தது. முதல் சுற்றிலேயே, வாசலுக்கு எதிர்க்கடையில். கடைசி பீஸ் எல்லாம் இல்லை, சுருள் முழுக்க இருந்தது, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கவில்லை. கடை முன்னாலேயே நின்று, வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் இடித்துக்கொண்டு போக, போன் செய்தேன். மணி பத்தேகால். எட்டு தடவை அடித்தது.

"யாரு..." தூக்கக் குரல்.

"நான்தாம்மா. மஞ்சள் கிடைச்சிருக்கு. இங்க கடைலதான் நிக்கறேன்."

மறுபடி தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு மீட்டர் வாங்கிடுங்கக்கா" என்றாள்.

தூக்கத்தில் பழைய பழக்கத்தில் வந்ததா, தெரிந்தேதான் சொன்னாளா, தெரியவில்லை. இரண்டு மீட்டர் வாங்கி, கண்காட்சியில் மீதி எதையும் பார்க்காமல், நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கதவுப் பிடியில் பையை மாட்டிவிட்டு வந்தேன். அலசவில்லை.